மிச்சக் காசு

நியூ டென்வர் போகிற பாதையில்
இரவு மலை சரிந்துவிட்டதாம்.
ஆரஞ்சுச் சட்டைக்காரி கார்க் கண்ணாடியைத் தட்டி
"மரம், சேறு, பெரிய கல்லுகள்.
நாளைக்குத்தான்" என்றாள்.
மன்னிப்பும் கேட்டாள்,
தானே தள்ளிவிட்டவள் மாதிரி.

குகதாசனின் மடியில் நாலு பக்கத் திட்டம்.
பன்னிரண்டரை: சாப்பாடு, இருபது நிமிடம்.
மூன்றேகால்: அருவி (படம்).
அடைப்புக்குறிக்குள் படம் என்றே
எழுதி வைத்திருந்தார்.
பதினேழு வருடம் பஸ்களுக்கு
நேர அட்டவணை போட்ட கை.

திருப்பினோம்.
காஸ்லோ என்றது பலகை.
பெட்ரோல் அடிக்க என்று
திட்டத்தில் பன்னிரண்டு நிமிடம்
பிச்சை போட்டிருந்த ஊர்.

அறைக்கு வாடகை கேட்டேன்.
இர்மா கூரையைப் பார்த்து யோசித்துவிட்டு
ஒரு விலை சொன்னாள்.
சாவி ஒரு மர அகப்பையில் கட்டியிருந்தது,
யாரும் பொக்கெற்றில் கொண்டுபோகாமலிருக்க.

முதல் ஒரு மணி நேரம்
என்ன செய்வதென்றே தெரியவில்லை.
தெருவின் இந்த முனைக்குப் போனோம்,
அந்த முனைக்குப் போனோம்,
அவ்வளவுதான் தெரு.
கரையேற்றி நிறுத்திய பழைய நீராவிக் கப்பல் ஒன்று
தண்ணீரைப் பார்த்தபடி நின்றது.
அதன் பக்கத்தில் இவரும்
அதே முகத்தோடு நின்றார்.

வேலை இல்லாவிட்டால்
துணி தோய்க்கிற பிறவி நான்.
காசு போட்டுத் தோய்க்கிற கடையில்
மரம் நடுகிற பெடியன் ஒருவன்
ஒற்றைக் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தான்.
பெயர் கீரன் என்றான்.
"எங்கட பெயரெல்லோ!" என்றேன்.
"ஐரிஷ்" என்றான்.
சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.
ஒரு நாளைக்கு இரண்டாயிரம் கன்று நடுவானாம்.
நகக்கண் எல்லாம் மண்.
"மெஷின் கையைத் தோய்க்காது" என்று சிரித்தவன்
"நாலு மணிக்கு மேல் ஏரிக்குப் போங்கோ,
காற்று படுத்துவிடும்" என்றான்
இங்கிலீஷில்தான்;
எனக்குத்தான் 'போங்கோ' என்று கேட்டது.

ஆனி மாதம்.
அக்கரை மலைகளின் தோளில் இன்னும் பனி.
சல்வாரை முழங்காலுக்கு மடித்து இறங்கினேன்.
குளிர் இல்லை அது,
கணுக்கால் எலும்பைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஏதோ ஒன்று.
ஐயோ என்று கத்தினேன்.
மலை ஐயோ என்றது,
கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் வடிவாய்.
பிறகு குகதாசனும் கத்திப் பார்த்தார்.
என்ன சொல்லிக் கத்துவது என்று தெரியாமல்
தன் பெயரையே கத்தினார்.

சப்பாத்துக்குள் மணிக்கூட்டைக் கழற்றி வைத்தார்.
கொஞ்சம் கழித்து
"மூன்றேகால் தாண்டியிருக்குமோ?" என்றார்.
தாண்டியிருக்கும்.
எங்களுக்கென்று எழுதி வைத்த அருவி
எங்கேயோ விழுந்துகொண்டிருந்திருக்கும்,
நாங்கள் இல்லாமல்,
ஒரு சொட்டும் குறையாமல்.
அதை நினைக்க
ஏனோ எனக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது.

பழைய ஜாக்கெற் பையில்
கைக்குத் தட்டுப்படும் மிச்சக் காசு மாதிரி
இந்த நாள்.
கணக்கில் இல்லை.
அதனால் செலவழிக்கக் கூச்சமும் இல்லை.
கறுவா பன் இரண்டு வாங்கினோம்,
பிறகு வெட்கமில்லாமல் இன்னும் இரண்டு.
வாங்கில் சாய்ந்து வாய் திறந்து தூங்கினார்.
யாருடையதோ ஒரு நாய்
அவர் காலடியில் காவல் கிடந்தது.
நான் ஒன்றும் செய்யவில்லை.
ஒரு மேகம் மலையைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று
எனக்கு இப்போது தெரியும்.

இரவு, இர்மாவின் சீட்டுக்கட்டு.
முந்நூற்றுநாலுக்கு ஆள் காணாது,
கழுதை விளையாடினோம்.
மூன்றாம் ஆட்டத்தில் கண்டுபிடித்தேன்,
மனுசன் அளாப்புகிறார்.
இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில்,
ஒரு ரசீதைக்கூட எறியாத மனுசன்,
முழங்காலுக்குக் கீழே சீட்டை ஒளித்துவிட்டு
சாமி படம் மாதிரி முகத்தை வைத்திருந்தார்.

விடிய ஐந்து நாற்பதுக்கு
அவர் போன் மினுங்கியது.
கண்ணாடி போட்டு வாசித்தார்.
பாதை திறந்துவிட்டது என்றுதான் இருக்கும்,
இல்லாவிட்டால் அவ்வளவு நேரம் வாசித்திருக்க மாட்டார்.
போனைக் குப்புற வைத்தார்.
"என்னவாம்?" என்றேன்.
"இன்னும் ஒன்றும் தெரியாதாம்" என்றார்.

நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன்,
சீட்டைக் காணாத மாதிரி.